வெளிநாட்டு நாலாம் நம்பர்: சாவகச்சேரியிலிருந்து வல்வெட்டித்துறைக்கு ஒரு சப்பாத்துப் பயணம்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே ஆளாகி நின்ற எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. இப்போதும் தெரியாது. வெளியூர்க்காரருக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடாநாட்டில் இருந்தவர்களுக்குத்தான் இதன் கனம் விளங்கும். பொருளாதாரத் தடையில் பெற்றோல் கண்ணில் காட்டக் கிடையாது. மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடும் வான் ஒன்றிரண்டு வந்தால் வரும், வராவிட்டால் வராது. பிள்ளைத்தாச்சி ஆஸ்பத்திரிக்குப் போவதும் சைக்கிளில், மாப்பிள்ளை மணவறைக்குப் போவதும் சைக்கிளில். அறுபது வயது ஆசிரியை ஒருவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு என்னை மணி அடித்து விலத்திப் போவார். நானும் இரண்டு முறை பழகிப் பார்த்தேன். முதல் முறை பக்கத்து வீட்டுக் கிடுகுவேலியை உடைத்துக்கொண்டு அவர்களின் வீட்டுப் பின்புறக் கோடிக்குள் போய் இறங்கினேன். இரண்டாம் முறை எருக்கும்பியில். அதற்குப் பிறகு அம்மா சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார். சைக்கிள் பாவம் என்பது அவர் சொன்ன காரணம்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு வாசகி. குடாநாட்டைக் கால்நடையாகச் சுற்றிப் பார்க்கப் போகிறாராம். தனக்கு மூன்றரை நம்பர் கால், எந்தச் சப்பாத்தும் கடிக்கிறது, 'நீங்களும் சின்னக் கால்காரி என்று முன்பு பெருமையடித்து எழுதியிருந்தீர்களே, என்ன செய்வீர்கள்' என்று கேட்டிருக்கிறார். பெருமையடித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெருமையை ஒருநாள் முழுக்கச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு திரிந்த கதை இது. நடந்தது 1992ஆம் ஆண்டு, ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை.

அந்த வருடம்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது. நிவாரண நிறுவனம் ஒன்று தென்மராட்சியில் வீடுவீடாகப் போய்க் குழந்தைகளை நிறுத்து எடை பார்க்க ஆள் எடுத்தது. எங்களுக்கு மேலே ஓய்வுபெற்ற தாதி ஒருவர். எல்லோருக்கும் அவர் பெரியமிசி. நேர்முகத்தில் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "சைக்கிள் இருக்கோ?" ஓம் என்றேன். பொய் இல்லை. ஐயாவின் சைக்கிள் வீட்டில்தான் நின்றது, சங்கிலியோடு. அதில் எனக்கு ஏறத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. கேளாத கேள்விக்குப் பதில் சொல்வது மரியாதையில்லை என்று வளர்க்கப்பட்டவள் நான்.

ஆகவே நடந்தேன். தூக்குத் தராசைத் தோளில் போட்டுக்கொண்டு சாவகச்சேரி, மீசாலை ஒழுங்கைகள் எல்லாம் நடந்தேன். காலில் இருந்தது ரப்பர்ச் செருப்பு. வார் அறுந்த இடத்தில் ஊக்குக் குத்தியிருந்தேன். என் செருப்புகளில் எப்போதுமே குதிக்கால் கொஞ்சம் பின்னால் வெளியே நிற்கும். அது எங்கள் குடும்பத்து நடை என்று நினைத்திருந்தேன். மூன்றாவது கிழமை முடிவில் இரண்டு குதிக்காலும் வெடித்து, விரலிடுக்கெல்லாம் கொப்புளம். வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் பெரியமிசி என் காலைக் கண்டுவிட்டார். சைக்கிள் ஓடுகிற பிள்ளைக்கு உள்ளங்காலில் கொப்புளம் எப்படி வரும் என்று கேட்டார். பெடல் சரியில்லை என்றேன். அவர் நம்பியது போலத் தெரியவில்லை.

"கச்சாய்ப் பக்கம் முழுக்க மிச்சம் கிடக்கு," என்றார். "திங்கட்கிழமை தொடங்கினால்தான் மாத முடிவுக்குள்ளை முடியும். நீர் தொடங்காட்டி நான் அடுத்த பேரைக் கூப்பிடவேணும். குறை நினைக்காதையும் பிள்ளை."

குறை நினைக்க எனக்கு எங்கே நேரம். ஐயாவின் பென்சன் கொழும்பிலிருந்து வந்து மாதக்கணக்காகியிருந்தது. வீட்டு அடுப்பு என் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தது. கச்சாய் என்றால் கடல்நீரேரிக் கரை. கொதிக்கும் மணல், உப்பு வெளி, நாகதாளி முள். வெறுங்காலோடு போக முடியாது, அந்தச் செருப்போடு போகவே முடியாது. திங்கட்கிழமைக்கு முன் எனக்கு ஒரு நல்ல சப்பாத்து வேண்டும்.

இந்த இடத்தில் ஈர்க்கைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் கொழும்பிலிருந்து சப்பாத்து எடுப்பிப்பதென்றால் காலைக் கொண்டுபோவதில்லை. தென்னோலை ஈர்க்கு ஒன்றை எடுத்து, குதிக்காலிலிருந்து பெருவிரல் நுனி வரை பிடித்து, நகத்தால் முறித்து, போகிறவரிடம் கொடுத்துவிடுவோம். அவர் அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்க் கடையில் சப்பாத்துக்குள் விட்டுப் பார்த்து வாங்கிவருவார். எங்கள் வீட்டில் எல்லோருடைய ஈர்க்கும் ஒரு பிஸ்கட் பேணிக்குள் இருந்தது. ஐயாவுக்குக் கறுப்பு நூல் கட்டியிருக்கும், எனக்குச் சிவப்பு. நான் ஏழாம் வகுப்பில் படிக்கும்போது, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கென்று என் ஈர்க்கோடு கொழும்புக்குப் போன சித்தப்பா வெள்ளைச் சப்பாத்தோடு திரும்பி வந்து, "நாலாம் நம்பர், என்ன வடிவான சின்னக் கால்" என்று கூடத்தில் நின்று சொன்னார். உறவு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. என் மூக்கைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை, பல்லைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை, கால் ஒன்றுதான் எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ். யார் கேட்டாலும் நாலாம் நம்பர் என்பேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

இன்னொரு வசதியும் ஈர்க்கில் உண்டு. கலியாணம் ஆகாத பெண் கடைக்காரருக்கு முன்னால் காலை நீட்டவேண்டியதில்லை. வெள்ளி பின்னேரம் சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்துக் கடைக்கு நான் பேணிக்குள் கிடந்த அதே சிவப்பு நூல் ஈர்க்கைத்தான் கொண்டுபோனேன். கடைக்காரர் தட்டெல்லாம் துழாவி ஒரு கன்வஸ் சோடி எடுத்தார். ஈர்க்கு கச்சிதமாக உள்ளே போனது. விலை நூற்றெண்பது ரூபா. மகிழ்ச்சியோடு வாங்கிப் பார்த்தால் இரண்டும் இடதுகால். கொண்டுவந்த மூட்டையில் இப்படித்தான் வந்தது, வலதுகால் சோடி யாருக்குப் போனதோ தெரியாது என்றார். நேராக நடக்கவா போகிறீர்கள், ஒழுங்கைக்குள் வளைந்து வளைந்துதானே என்று ஒரு நியாயமும் சொன்னார். இருபது ரூபா குறைக்கவும் ஆயத்தம். நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அன்று இரவு என் மச்சாள் றஞ்சி வந்தாள். மாமாவின் மகள், என்னைவிட இரண்டு வயது இளையவள், வாய் மட்டும் என்னைவிட மூத்தது. அவளுக்கு உடுப்பிட்டியில் ஒரு வாத்தியாரை நிச்சயம் பண்ணியிருந்தார்கள். சனிக்கிழமை மாமியார் வீட்டுக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டுபோகிறாள். நெல்லியடியில் நல்ல சப்பாத்துக்கடை ஒன்று இருக்கிறது, கரியரில் ஏறு, கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடத் தெரியாதவர்கள் உயிர்வாழ்வது இப்படிப்பட்ட மச்சாள்மாரால்தான்.

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். வழி தெரிய விரும்புகிறவர்களுக்காக: சாவகச்சேரியிலிருந்து கண்டி வீதியில் கிழக்கே கொடிகாமம் நாலு மைல் சொச்சம். கொடிகாமம் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் பருத்தித்துறை வீதி. வரணி, முள்ளி தாண்டி நெல்லியடி ஏறக்குறைய பத்து மைல். அங்கிருந்து உடுப்பிட்டி வழியாக வல்வெட்டித்துறைக் கடற்கரை இன்னும் நாலரை மைல். ஆனி மாதத்தில் சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். வரும்போது அதே கையால் நெஞ்சில் தள்ளும்.

றஞ்சி மிதித்தாள். நான் கரியரில் பக்கவாட்டில் இருந்து, மாம்பழம் நிறைத்த பனையோலை உமலை மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்குக் கதை சொன்னேன். அந்தப் பங்கீட்டில் எனக்குக் குறையொன்றும் இல்லை. கொடிகாமத்துக்கு முன்பே அவளுக்கு இருந்தது.

"கால்தான் சின்னன் எண்டு சொல்லித் திரியிறாய்," என்றாள் மூச்சு வாங்க. "மிச்சம் எல்லாம் கருங்கல்லு."

வரணியில் ஒரு கொட்டில் கடையில் இறங்கிப் பனங்கட்டித் துண்டோடு பிளேன்ரீ குடித்தோம். இரண்டு ரூபா. சீனி போட்டால் ஐந்து. அங்கே ஒருமுறை இராணுவ ஹெலிகொப்டர் சத்தம் கேட்டு எல்லோரும் கிளாசோடு மாமரத்துக்குக் கீழே போய் நின்றோம். அது வேறு அலுவலாகப் போய்விட, கடைக்காரர் வந்து கிளாஸ்களைச் சரிபார்த்துக்கொண்டார். முள்ளி வெளியில் நிழல் கிடையாது. இரண்டு பக்கமும் உப்புப் பூத்த தரவை நிலம், நடுவில் தார் பெயர்ந்த வீதி. ஆனால் காற்று எங்களைத் தூக்கிக்கொண்டு போய் ஒன்பது மணிக்கு முன்பே நெல்லியடியில் இறக்கிவிட்டது.

நெல்லியடிக் கடையில் சோடிகள் சரியாக இருந்தன. பெடியன்களின் கறுப்புப் பள்ளிக்கூடச் சப்பாத்து, நாலாம் நம்பர், இருநூற்று எழுபத்தைந்து ரூபா. ஈர்க்கை விட்டோம். அளந்து செய்தது போல் இருந்தது. ஆனால் இருநூற்று எழுபத்தைந்து ரூபாவுக்கு ஈர்க்கை மட்டும் நம்பக்கூடாது என்று றஞ்சி பிடிவாதம் பிடித்தாள். கடைக்காரர் மரியாதையாக எழுந்து பின்னால் போக, அவருடைய மனைவி ஸ்டூல் போட்டு என்னை இருத்தினார். கால் போக மறுத்தது. நடந்து வீங்கியிருக்கும் என்றேன். கரியரில் வந்த கால் எப்படி வீங்கும் என்றாள் றஞ்சி. கடைக்காரரின் மனைவி ஒரு தேக்கரண்டி கொண்டுவந்து குதிக்காலில் வைத்து நெம்பினார். வலதுகால் உள்ளே போய்விட்டது.

எழுந்து இரண்டடி நடந்தேன். கண்ணில் நீர் வந்தது. "கொஞ்சம் இறுக்கம்தான், பரவாயில்லை," என்று சொல்லிக்கொண்டே கழற்றக் குனிந்தேன். கழலவில்லை.

றஞ்சி இழுத்தாள். கடைக்காரரின் மனைவி இழுத்தார். நான் ஸ்டூலின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சத்தம் கேட்டுக் கடைக்காரர் வந்தார். வெட்டி எடுக்கலாமே என்று றஞ்சி கேட்க, அவருடைய முகம் அந்த ஹெலியைக் கண்டவர் முகம் போல ஆகிவிட்டது. வெட்டினால் இருநூற்று எழுபத்தைந்து என்றார். கடைசியில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் வந்தது. அந்த நாளில் தேங்காயெண்ணெய் விளக்குக்கும் காணாது, தலைக்கும் காணாது. அதை என் காலுக்கு ஊற்றினார்கள். கால் வழுக்கி வெளியே வந்த வேகத்தில் றஞ்சி சப்பாத்தோடு போய்க் குடை அடுக்கியிருந்த தட்டில் முட்டினாள்.

கடைக்காரரின் மனைவி என் காலைப் பார்த்தார். "பிள்ளைக்கு இன்னும் பெரிசு எடுக்கவேணும் போலை."

"நான் நாலு அக்கா," என்றேன். "உங்கட சப்பாத்துத்தான் சின்ன நாலு."

அவர் என்னோடு வாதிடவில்லை. பெரிய நம்பர் எதுவும் கடையில் இல்லை, பிறகு வாதிட்டு என்ன. வல்வெட்டித்துறையில் கப்பல்மாமி என்று ஒருவர் இருக்கிறார், புருஷன் கப்பலில் கொண்டுவந்த வெளிநாட்டுச் சாமான் அவரிடம் கிடக்கிறது, போய்ப் பாருங்கள் என்று வழி சொன்னார். எண்ணெய்க்குக் காசு வாங்கவில்லை. இதை நன்றியோடு பதிகிறேன்.

றஞ்சி மாமியார் வீட்டைத் தாண்டி இன்னும் வடக்கே மிதிக்கவேண்டியதாயிற்று. உடுப்பிட்டிச் சந்தியில் அவள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக ஓடினாள், யாராவது கண்டு மருமகள் நிற்காமல் போகிறாள் என்று சொல்லிவிடக்கூடாதே என்று. பதினொரு மணிக்குக் கடல் தெரிந்தது. மீன் வாங்க வந்தவர்களோ என்று கேட்ட ஒருவரே கப்பல்மாமியின் வீட்டைக் காட்டினார்.

வல்வெட்டித்துறையில் எதையாவது வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: முதலில் நீங்கள் யார் என்று தீர்த்து வைக்கவேண்டும். மாமி எங்களை விறாந்தையில் இருத்தி, "ஆற்றை பிள்ளையள்?" என்று தொடங்கினார். ஐயாவின் பெயர், ஐயாவின் தகப்பன் பெயர், அம்மா எந்த ஊர் என்று விசாரித்து, றஞ்சியின் சம்பந்தம் எந்த வீட்டில் என்று கண்டுபிடித்து, அந்த மாமியாரின் கலியாணத்தில் நடந்த சண்டை ஒன்றையும் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆனது. எனக்கு அலுக்கவில்லை. சண்டையை வேறொரு நாள் எழுதலாம், றஞ்சி உயிரோடு இருக்கும்வரை முடியாது.

பிறகுதான் பெட்டியைத் திறந்தார். ஒரு பெரிய மரப்பெட்டி. உள்ளே மூன்று குடை, குயில் கத்தாத குயில் மணிக்கூடு, நாலைந்து சுடுதண்ணீர்ப் போத்தல், இவற்றுக்குக் கீழே கடதாசியில் சுற்றியபடி ஒரு சோடி மண்ணிறத் தோல் சப்பாத்து. கயிறு கட்டுகிற மாதிரி. அடியில் விரல் மொத்தத்துக்கு ரப்பர். ஏதோ ஒரு குளிர்த் துறைமுகத்தில் மாமியின் புருஷன் மாமிக்கென்று வாங்கியது.

"இவர் என்ரை காலைப் பார்த்தே எத்தினையோ வருசம்," என்றார் மாமி. "வரேக்கை முகத்தைப் பார்ப்பார், போகேக்கை பெட்டியைப் பார்ப்பார். பிறகு அளவு எப்பிடித் தெரியும். நான் ஒருநாளும் போடேல்லை."

ஈர்க்கை உள்ளே விட்டேன். அது போய்ச் சுகமாகப் படுத்துக்கொண்டது. திரும்பிப் படுக்கவும் இடம் இருந்தது.

"இது பெரிசு மாமி," என்றேன், அழாத குறையாக.

மாமி சப்பாத்தை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். "உது மேசுக்கு விட்ட இடம் பிள்ளை. குளிர் நாட்டிலை ஒண்டுக்கு மேலை ஒண்டாய் மூண்டு மேஸ் போடுவினம். அதுக்கெல்லாம் இடம் விட்டுத்தான் தைக்கிறது." மேஸ் என்றால் காலுறை.

உள்ளே முப்பத்தொன்பது என்று பொறித்திருந்தது. அது என்ன கணக்கு என்று கேட்டேன். "உது வெளிநாட்டு நம்பர். அங்கை நாலை உப்பிடித்தான் போடுறவை," என்றார் மாமி, ஒரு கணமும் யோசிக்காமல். அவருக்குத் தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

காலை விட்டேன். விட்டதுதான் தெரியும். எண்ணெயும் இல்லாமல், தேக்கரண்டியும் இல்லாமல் கால் உள்ளே போய், பின்னால் குதிக்கால் முதல்தடவையாக ஒரு சுவரைக் கண்டு சாய்ந்துகொண்டது. முற்றத்தில் இறங்கிக் கிணற்றடி வரை போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். ஒன்றும் நோகவில்லை. எனக்கு அது நம்பமுடியாமல் இருந்தது. சப்பாத்து என்றால் நோகும், நோகாதது செருப்புக் கழற்றிய கால் என்றுதான் நான் அதுவரை எண்ணியிருந்தேன். மூன்றாம் தரமும் போய்வந்தபோது கப்பல்மாமி றஞ்சியைப் பார்த்து, உன் மச்சாளுக்குக் கிணற்றடியில் என்ன அலுவல் என்று கேட்டார்.

விலை கேட்டேன். மாமி காசு வேண்டாம் என்றார். "காசை வைச்சு நான் என்ன வாங்கிறது. உந்த உமலுக்குள்ளை மணக்கிறது என்ன?"

றஞ்சி உமலை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதற்குள் இருந்தவை தங்கள் வீட்டு மரத்தில் அவளே பார்த்துப் பார்த்து ஆய்ந்து, வைக்கோலில் வைத்துப் பழுக்கவைத்த கறுத்தக்கொழும்பான்கள். நிச்சயித்த பிறகு மாமியார் வீட்டுக்கு அவள் கொண்டுபோகும் முதல் சாமான். அது வேண்டாம் மாமி, காசாகவே தருகிறேன் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன், ஆனால் சப்பாத்தைக் கழற்றாமல் சொன்னேன்.

றஞ்சி என் காலைப் பார்த்தாள். பிறகு உமலைத் தூக்கி மாமியின் மடியில் வைத்தாள்.

"மாம்பழம் வாற வருசமும் காய்க்கும்," என்றாள் என்னிடம். "உனக்குத் திங்கட்கிழமை ஒண்டுதான் இருக்கு."

மாமி ஒவ்வொன்றாக மணந்து பார்த்துவிட்டு இரண்டைத் திருப்பி உமலுக்குள் போட்டார். அந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகாதே, அவள் கதைப்பாள் என்றார்.

அந்த மாமியார் கதைத்தார்தான், ஆனால் மாம்பழத்தைப் பற்றி அல்ல. ஒன்றரை மணியளவில் உடுப்பிட்டியில் றஞ்சியின் மாமியார் வீட்டில் இறங்கினோம். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். மாப்பிள்ளை ரியூசனுக்கு. காது மந்தமான மாமனார் மட்டும் எங்களை உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார். வழக்கம்போலப் பாதணிகளை வாசற்படியில் கழற்றிவிட்டுப் போனோம். றஞ்சியின் சின்னச் செருப்பு. பக்கத்தில் என் மண்ணிறச் சப்பாத்து, வாயைத் திறந்தபடி.

கொஞ்ச நேரத்தில் படலைச் சத்தம் கேட்டது. ஆனால் யாரும் உள்ளே வரவில்லை. யன்னலால் பார்த்தால் மாமியாரும் கோயிலுக்குப் போய்வந்த இரண்டு அயல்பெண்களும் படலையடியில் நின்று வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆர் வந்திருக்கிறது என்று மாமியார் முற்றத்துக்கு அப்பாலிருந்து கேட்டார். றஞ்சி என்று மாமனார் உரத்துச் சொன்னார். கூட ஆர் என்று கேட்டார். அது அவருக்குக் கேட்கவில்லை. "ஓம், ஓம்," என்றார் சந்தோஷமாக.

"நிச்சயம் பண்ணின வீட்டுக்கு," என்று மாமியார் அயல்பெண்களுக்குச் சொல்வதுபோல எங்களுக்குச் சொன்னார், "சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஆம்பிளையைக் கூட்டிக்கொண்டு வாறது உங்கை சாவகச்சேரி வழக்கமாக்கும்."

றஞ்சி எழும்பவும் தெரியாமல் இருக்கவும் தெரியாமல் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாம்பழத்தையும் கொடுத்து, இருபது மைல் மிதித்து, கடைசியில் கலியாணத்தையும் எனக்காகத் தொலைக்கப் போகிறாள். நான் வெளியே வந்து படியில் இருந்தேன். வலதுகாலை விட்டேன். கயிற்றைக் கட்டினேன். இடதுகாலை விட்டுக் கட்டினேன். எழுந்து நேரே படலைவரை நடந்துபோய் மூவருக்கும் முன்னால் நின்றேன்.

மூவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தார்கள்.

"உது உம்மட காலோ?" என்றார் அயல்பெண் ஒருவர்.

"ஓம் மாமி. வெளிநாட்டு நாலாம் நம்பர்."

முதலில் சிரித்தது றஞ்சியின் மாமியார்தான். படலையைப் பிடித்துக்கொண்டு, திருநீறு வியர்வையில் கரையக் கரையச் சிரித்தார். பிறகு ஒரு சப்பாத்தைக் கழற்றச் சொல்லித் தன் கையில் வாங்கி, உள்ளே முழங்கைவரை விட்டுப் பார்த்து, அயல்பெண்களுக்கும் காட்டினார். இரண்டு மாம்பழத்தையும் அவரே வெட்டினார். ஏன் இரண்டுதான் என்று கேட்கவே இல்லை. றஞ்சியின் கலியாண வீட்டில் பந்திக்குப் பந்தி இந்தக் கதையைச் சொன்னவரும் அவர்தான். நாலாவது பந்தியில் சப்பாத்து ஒரு பொலிஸ்காரருடையதாக வளர்ந்திருந்தது.

மூன்று மணிக்குத் திரும்பினோம். முள்ளி வெளியில் சோளகம் நெஞ்சில் அடித்தது. இரண்டு பேரோடு சைக்கிள் ஓரடி நகரவில்லை. நான் கரியரிலிருந்து குதித்து, நடந்து வருகிறேன், நீ மெல்ல ஓடு என்றேன். நான் விரும்பி நடந்த முதல் நடை அதுதான். றஞ்சி பக்கத்தில் சைக்கிளை உருட்ட, உப்புத் தரவையைத் தாண்டி வரணி வரை நடந்தேன். ஒரு நேரம் நான் முன்னால் போய் அவளுக்காக நின்றேன். என்னடி உனக்கு என்றாள். நோகவில்லை என்றேன். ஆறரைக்கு வீடு.

திங்கட்கிழமை கச்சாயில் தொடங்கினேன். மணலும் முள்ளும் உப்பும் எல்லாம் இப்போது சப்பாத்தின் பாடு, காலின் பாடு அல்ல. மாதம் முடிய இரண்டு நாள் இருக்க, நீரேரிக் கரையில் கடைசிப் பிள்ளையைத் தராசில் தூக்கிக்கொண்டிருந்தபோது பெரியமிசி தன் சைக்கிளில் வந்து இறங்கினார். என் சைக்கிள் எங்கே என்று கேட்டார். காற்றுப் போய்விட்டது என்றேன்.

"மூண்டு கிழமையாய்க் காத்துப் போன சைக்கிள்," என்றார் அவர், என் சப்பாத்தைப் பார்த்தபடி. "அது அப்பிடியே நிக்கட்டும். நீர் நடந்தே வாரும்." அந்த வேலையில் நான் மூன்று வருடம் இருந்தேன்.

இனி வாசகிக்கும், அதே வழியில் நடக்கப் போகிறவர்களுக்கும் சில வார்த்தை. சப்பாத்தைப் பின்னேரத்தில் வாங்குங்கள். காலையில் கால் நல்ல பிள்ளை, பின்னேரம்தான் அதன் உண்மைக் குணம் தெரியும். புதுச் சப்பாத்தோடு பயணம் தொடங்காதீர்கள், ஒரு கிழமை வீட்டுக்குள் போட்டு நடவுங்கள், வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும். பருத்தி மேஸ் இரண்டு சோடி, கொப்புளத்துக்கு முன்கூட்டியே ஒட்ட பிளாஸ்ரர். கொடிகாமத்திலிருந்து விடிவதற்கு முன் புறப்பட்டால் வெயில் ஏற முன் முள்ளியைத் தாண்டிவிடலாம். தண்ணீரை வரணியில் நிரப்பிக்கொள்ளுங்கள், பிறகு நெல்லியடிவரை நம்பமுடியாது. ஆனி ஆடியில் தெற்கிலிருந்து வடக்கே நடவுங்கள், திரும்பிவர பஸ் இருக்கிறது. எந்த வீட்டுப் படியிலாவது சப்பாத்தைக் கழற்றினால், உள்ளே போகும்முன் அது உங்களுடையது என்று நாலுபேர் கேட்கச் சொல்லிவிடுங்கள். நோகிற காலுக்குப் பெருமை பார்க்காதீர்கள் என்றும் சொல்ல ஆசை, ஆனால் அதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்பதில் அண்மையில் ஒரு சந்தேகம் வந்திருக்கிறது.

வாசகிக்குப் பதில் எழுத முன், விவரம் சரியாக இருக்கட்டுமே என்று போன கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சப்பாத்துக் கடைக்குள் போய், வெளிநாட்டு முப்பத்தொன்பது எங்கள் கணக்கில் நாலுதானே என்று கேட்டேன். கடைப் பிள்ளை சுவரில் தொங்கிய அட்டவணையைக் காட்டினாள். முப்பத்தொன்பது என்றால் ஆறாம் நம்பர்.